தண்டவாளத்தின்மேல் ஒரு பள்ளிக்கூடம்

2020 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாட் காலை, ஸ்காபரோவில் நான் வசிக்கும் தொடர்மாடியின் ஏழாம் தளத்திலிருந்து ஓர் இளந்தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டுச் சில வாரங்கள் கடந்திருந்தன. பிள்ளைக்கெனப் பாடசாலையிலிருந்து ஓர் ஐபாட் வந்திருந்தது. பாடங்களும் அப்பியாசங்களும் ஆசிரியையின் முகமும் இனி அதனுள்ளே வரும் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் கூடவே வந்திருந்தது.

"ரீச்சர், சாமான் வந்திட்டுது. பிள்ளையை அதுக்கு முன்னாலை இருத்திப்போட்டு நான் என்ன செய்யவேணும்? அதைப்பற்றி இதிலை ஒண்டும் எழுதேல்லையே" என்று அவர் கேட்டார்.

அன்று நான் சொன்ன மறுமொழி எனக்கே திருப்தி தரவில்லை. "பக்கத்தில் இருங்கோ பிள்ளை" என்று மாத்திரம் சொன்னேன். பக்கத்தில் இருந்து என்ன செய்வது என்பதே அவருடைய கேள்வி. முடக்கக் காலத்தின் நீண்ட மாலைகளில் இந்த மாகாணத்தின் கல்வி வரலாற்றைத் துருவிப் படித்தபோது, அதே கேள்வி ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே இங்கு எழுந்திருந்தமையையும், அதற்கு ஒருவகை விடை கண்டவர்கள் இங்கேயே வாழ்ந்திருந்தமையையும் அறிந்து வியந்தேன். அந்த விடை ஒரு புகையிரதப் பெட்டிக்குள் இருந்தது.

காட்டுவழியில் ஒரு வகுப்பறை

ஒன்ராறியோ என்றவுடன் நம்மவர் பலரின் மனக்கண்ணில் எழுவது ரொறன்ரோவும் அதனைச் சூழ்ந்த நகரங்களும், மிஞ்சினால் மொன்றியலுக்குப் போகும் 401 நெடுஞ்சாலையுந்தான். இம்மாகாணத்தின் பெரும்பகுதி வடக்கே விரிந்துகிடக்கும் பாறையும் ஏரியும் காடுமாகும். 1920களில் அங்கே தெருக்கள் மிகச்சில. இருந்தவை புகையிரதக் கம்பனிகளின் தண்டவாளங்கள். அத்தண்டவாளங்களைப் பராமரிக்கும் தொழிலாளர், சில மைல்களுக்கு ஒரு சிறு குடியிருப்பாக, மூன்று வீடும் நான்கு வீடுமாகக் குடியிருந்தனர். மரம் வெட்டுவோரும் பொறிவைத்து விலங்கு பிடிப்போரும் அயலில் வாழ்ந்தனர். பின்லாந்தினர், இத்தாலியர், உக்ரேனியர், பிரெஞ்சு மொழியினர், கிறீ, ஒஜிப்வே முதலான பூர்வகுடியினர் எனப் பல சாதியினர். இவர்களுட் பெரும்பாலான தாய்மாருக்கு ஆங்கிலம் தெரியாது. சிலருக்கு எந்த மொழியிலும் எழுத்து வாசனை இல்லை.

1919 இல் ஒன்ராறியோ அரசு, பதினாறு வயது வரையிற் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என்று சட்டமியற்றியது. நான்கு பிள்ளைகளுக்காகக் காட்டினுள்ளே ஒரு பாடசாலை கட்டுவதற்கு அச்சட்டத்தில் வழி இருக்கவில்லை. பிள்ளை பாடசாலைக்குப் போகமுடியாது. பாடசாலை பிள்ளையிடம் போவது எவ்வாறு? வடபகுதியிற் கல்விப் பரிசோதகராகப் பணியாற்றிய ஜே. பி. மக்டூகல் என்பவர் ஒரு யோசனை சொன்னார். இருக்கும் ஒரே பாதை தண்டவாளமாயின், பாடசாலையையும் அதன்மேல் ஏற்றிவிடலாம் என்பதே அது. அப்போது மாகாண முதல்வராகவும் கல்வி அமைச்சராகவும் ஒருங்கே இருந்த ஹவார்ட் பெர்குசன் அதற்கு இணங்கினார். பெட்டிகளைக் கொடுத்து இழுத்துச் செல்வது புகையிரதக் கம்பனிகளின் பொறுப்பு. ஆசிரியருக்குச் சம்பளமும் வகுப்பறைத் தளபாடமும் கல்வித் திணைக்களத்தின் பொறுப்பு.

1926 செப்ரெம்பரில் இரண்டு பெட்டிகள் புறப்பட்டன. கனேடிய பசுபிக் கம்பனியின் பாதையில் கார்ட்டியருக்கும் சாப்லோவுக்கும் இடையே வால்ட்டர் மக்னலி என்ற ஆசிரியர் சென்றார். கனேடியத் தேசியக் கம்பனியின் பாதையில், சட்பரிக்கு அருகிலுள்ள கேப்ரியோலிலிருந்து போலியெற் வரையில், ஏறத்தாழ 150 மைல் நீளத்துக்குப் பிரெட் ஸ்லோமன் சென்றார். இந்த ஸ்லோமன் ஓராண்டு ஈராண்டு செய்துவிட்டு நகரத்துக்கு இடமாற்றம் கேட்டவரல்லர். (நமது நாட்டிற் கஷ்டப் பிரதேச நியமனம் பெற்றவர்கள் எத்தனை மாதத்தில் இடமாற்ற விண்ணப்பம் எழுதினோம் என்பதை நாமே அறிவோம், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.) அவரும் அவர் மனைவி சீலாவும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தப் பெட்டியில் வாழ்ந்தனர். அவர்களுடைய ஐந்து பிள்ளைகளும் அதற்குள்ளேயே வளர்ந்தனர்.

பழைய பயணிகள் பெட்டியொன்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆசிரியர் குடும்பத்தின் வீடாகவும் மறுபாதியை வகுப்பறையாகவும் ஆக்கியிருந்தனர். கரும்பலகை, மேசைகள், தேசப்படங்கள், நூல்கள் அடுக்கிய தட்டுகள் யாவும் வகுப்பறையில் இருந்தன. சரக்கு வண்டி ஒன்று அதனை இழுத்துவந்து ஒரு குடியிருப்பின் பக்கத் தண்டவாளத்தில் விட்டுச் செல்லும். அங்கே அது சில நாட்கள் நிற்கும். அடுத்த வண்டி வந்து அடுத்த குடியிருப்புக்கு இழுத்துச் செல்லும். முதற் குடியிருப்புக்கு அது திரும்பிவர ஏறக்குறைய ஒரு மாதமாகும். தோணியிலும் பனிச் சப்பாத்திலும் நாய்வண்டியிலும் பிள்ளைகள் வந்தனர். தூரத்திலிருந்து வந்த சிலர் பெட்டி நிற்கும் நாட்களிற் பாதையருகே கூடாரமடித்துத் தங்கிப் படித்தனர்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். மாதத்தில் நாலைந்து நாட்கள்தாம் பிள்ளைக்கு ஆசிரியர் கிடைத்தார். எஞ்சிய நாட்களெல்லாம் அது வீட்டிலிருந்தே படித்தது. ஆசிரியர் புறப்படுமுன் அடுத்த வரவு வரைக்குமான வேலைகளைக் கொடுத்துச் செல்வார். திரும்பி வரும்போது அவற்றைத் திருத்துவார். ஆகவே "நடமாடும் பாடசாலை" என்று நாம் பெயரிட்டு அழைத்தாலும், உண்மையில் இது வீட்டுக் கல்வியே. இடையிடையே பாடசாலை வந்து எட்டிப் பார்த்தது. இவ்வளவு குறைந்த நேரம் நேரிற் கிடைத்தும் பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் கற்றுக்கொண்டதற்குக் காரணம் என்ன?

ஒரு காரணம் ஆசிரியர் திரும்பி வருவார் என்ற நிச்சயம். செய்து வைத்த கணக்கை ஒருவர் பார்க்கப்போகிறார் என்று தெரிந்தாற் பிள்ளை செய்யும். பார்ப்பதற்கு எவருமில்லையெனின் இரண்டாம் வாரமே விட்டுவிடும். இது கற்பித்தவர் எவரும் அறிந்தது.

மற்றக் காரணமே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. பகலிற் பிள்ளைகள் இருந்த அதே மேசைகளில் இரவிற் பெரியவர்கள் வந்து அமர்ந்தனர். இத்தாலியரும் பின்லாந்தினருமான தொழிலாளர்களும் அவர்தம் மனைவியரும் அங்கே ஆங்கிலம் படித்தனர். அப்பெட்டி அவர்களுக்கு நூலகமாயிற்று; ஊர் மண்டபமும் ஆயிற்று. ஆசிரியர் அடுத்த ஊருக்குப் போனபின்பு பிள்ளையின் பக்கத்தில் இருக்கப்போகும் மனிதர் எவரோ, அவருக்கும் அங்கே பாடம் நடந்தது. இது முற்றிலும் கல்வி நோக்கத்தோடு திட்டமிடப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அதன் பயன் பிள்ளைகளையே சென்று சேர்ந்தது.

இதனைப் புகழ்ந்துகொண்டே போவதும் முறையன்று. இந்தப் பெட்டிகளை அனுப்பியவர்களின் மனதில் இருந்தது பிள்ளைகளின் மேல் இரக்கம் மாத்திரமல்ல. வடக்கிலே குடியேறிய அந்நியர்களைப் பிரித்தானிய முறைக் கனேடியர்களாக மாற்றிவிடவேண்டும் என்ற எண்ணமும் வெளிப்படையாகவே இருந்தது. வீட்டுமொழி அங்கே ஒரு செல்வமாகக் கருதப்படவில்லை. இன்னுமொன்று. மக்னலியின் பெட்டி சென்று திரும்பிய சாப்லோ என்னும் அதே ஊரில், 1907 முதல் 1948 வரை பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான வதிவிடப் பாடசாலை ஒன்று இயங்கியது. அத்தகைய பாடசாலைகளில் நடந்தவற்றை உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015 இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகக் கூறுகின்றது. ஒரே தண்டவாளத்தில், ஒரு பாடசாலை பிள்ளையின் வீட்டு வாசலுக்குப் போயிற்று. மற்றையது பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தெடுத்தது. இரண்டையும் அனுமதித்தது ஒரே நாடு. கனடாவின் பெருமைகளை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

காலப்போக்கிற் பெட்டிகள் ஏழாகப் பெருகின. பின்னர் நெடுஞ்சாலைகள் வந்தன. நீராவி இயந்திரங்கள் போய் டீசல் இயந்திரங்கள் வந்தமையாற் பாதையோரக் குடியிருப்புகள் கலைந்தன. 1967 இல் கடைசிப் பெட்டியும் நின்றது.

தபாலும் வானொலியும்

தண்டவாளமும் இல்லாத இடங்களுக்குத் தபால் போயிற்று. கலங்கரை விளக்கக் காவலர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் பிரித்தானியக் கொலம்பியா மாகாணம் 1919 இல் ஆரம்ப வகுப்புகளுக்கான அஞ்சல்வழிக் கல்வியைத் தொடக்கியது. ஒன்ராறியோ 1926 இல், அதாவது புகையிரதப் பெட்டிகள் புறப்பட்ட அதே ஆண்டில், தானும் தொடக்கியது. பாடங்கள் கட்டாக வரும். பிள்ளை எழுதி அனுப்பும். ஆசிரியர் திருத்தி, இரண்டு வரி கடிதமும் எழுதித் திருப்பி அனுப்புவார். இந்த ஒன்ராறியோ அஞ்சல்வழிக் கல்வியின் வழித்தோன்றலே பிற்காலத்திற் சுயாதீனக் கற்றல் நிலையம் என்ற பெயர்பெற்று, 2002 இல் மாகாணக் கல்வித் தொலைக்காட்சியான ரீ.வி.ஓ.வுடன் இணைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் மாகாண அரசு "வீட்டிலிருந்து கற்போம்" என்று இணையப் பக்கம் திறந்தபோது, ரீ.வி.ஓ.வே முன்னுக்கு நின்றது. அதன் வேர் 1926 இல் இருக்கின்றது என்பதை அறிந்தோர் சிலரே.

அவுஸ்திரேலியாவில் 1951 யூன் மாதம், அலிஸ் ஸ்பிறிங்ஸ் என்ற பாலைநிலத்து ஊரிலிருந்து வான்வழிப் பாடசாலை தொடங்கியது. பறக்கும் வைத்தியர் சேவைக்காக அல்பிரட் ட்ரேகர் அமைத்த, காலால் மிதித்து மின்சாரம் பெறும் வானொலிக் கருவிகளே அதற்கு வழிசமைத்தன. ஆட்டுப் பண்ணைகளிலும் மாட்டுப் பண்ணைகளிலும் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த பிள்ளைகள் ஆசிரியையின் குரலைக் கேட்டதோடு தாமும் மறுமொழி பேசினர். அங்கும் பிள்ளையின் பக்கத்தில் தாயோ, அமர்த்தப்பட்ட ஒரு பெண்ணோ இருந்தே தீரவேண்டியிருந்தது.

நோயினாற் பாடசாலை மூடப்பட்டதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1937 கோடையில் இளம்பிள்ளைவாதம் வட அமெரிக்க நகரங்கள் பலவற்றைத் தாக்கியது. ரொறன்ரோவிற் பாடசாலைகளின் திறப்பு தள்ளிப்போடப்பட்டது. நகரின் சிறுவர் வைத்தியசாலையின் நிலக்கீழ் அறையில் ஆறு கிழமைக்குள் 27 இரும்புச் சுவாசக் கருவிகள் செய்யப்பட்டன. சிக்காகோ நகரமோ மூன்று வாரங்கள் பாடசாலைகளை மூடிவைத்து, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான சுமார் 325,000 பிள்ளைகளுக்கு வானொலியிற் பாடம் நடத்தியது. ஒவ்வொரு பாடமும் கால் மணி நேரம். பாடநேரங்களையும் வினாக்களையும் பத்திரிகைகள் அச்சிட்டன. பெற்றோர் ஐயம் கேட்பதற்கு ஒரு தொலைபேசி வைத்து, மறுமொழி சொல்ல ஆசிரியர்களை இருத்தினார்கள். முதல்நாளே ஆயிரத்துக்கு மேற்பட்ட அழைப்புகள்! ஆசிரியர் தொகையைக் கூட்டவேண்டியதாயிற்று. பாடத்தை ஒலிபரப்புவது எப்படி என்று எத்தனையோ பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தொலைபேசியே பெற்றோருக்கு அதிகம் தேவைப்பட்டிருக்கிறது. வானொலி இல்லாத வீடுகளும், ஒலி தெளிவாகக் கேளாத பகுதிகளும், கேட்டும் விளங்காத பிள்ளைகளும் பின்தங்கின. பாடசாலை திறந்ததும் அத்திட்டம் மறக்கப்பட்டது.

நமது திண்ணைகள்

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு என் ஊர் நினைவு வராமலிருந்தால் அல்லவா அதிசயம்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலைப் பட்டம் பெற்று, 1993 இல் வலிகாமத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்கு ஆசிரியையாகப் போனேன். அந்நாட்களின் நிலைமையை இங்குள்ள மூத்தோர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை; இங்கு பிறந்தோர்க்காகச் சொல்கிறேன். 1990 முதற் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குட் சிறிது பஞ்சும் சில துளி எண்ணெயும் இட்டுத் திரியேற்றி, அந்த வெளிச்சத்திற் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்தோம். அலிஸ் ஸ்பிறிங்ஸின் மிதிக்கும் வானொலியைப்பற்றி வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் மிதித்தது பாடம் கேட்க. நாங்கள் சுற்றியது செய்தி கேட்க. கடதாசிக்குத் தட்டுப்பாடு வந்தமையாற் பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம் அது. அந்தத் தாளிலும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கான மாதிரி வினாக்கள் வரும். வெட்டியெடுத்து ஒட்டிவைத்துப் படிப்பித்தோம்.

1995 செப்ரெம்பர் 22 ஆந் திகதி நாகர்கோவிற் பாடசாலையருகே விமானக் குண்டு விழுந்து பிள்ளைகள் மாண்டனர். அதன்பின் எந்தத் தாய் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவாள்? சீருடை அணிந்த பிள்ளைகள் ஓரிடத்திற் கூடுவதே ஆபத்தென்று ஊர் அஞ்சியது. என்னுடைய வகுப்பில் 31 பிள்ளைகள். அவர்களை அயல்வாரியாக ஐந்து கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுத் திண்ணைக்குச் சைக்கிளிற் போய் ஒன்றரை மணி நேரம் படிப்பித்தேன். அடுத்த கிழமை அதே நாளில் திரும்பிப் போவேன். இடையில் ஆறு நாட்கள் பிள்ளை தானே படிக்கவேண்டும். தாய்மாருட் சிலர் அகதியாய் வந்து பிறர் வீட்டில் ஒண்டியிருந்தவர்கள். சிலருக்குக் கையெழுத்து வைக்க மாத்திரமே தெரியும்.

எனக்கு அப்போது கைகொடுத்தவர்கள் பிள்ளைகளின் அக்காமார். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் படித்த பெண் பிள்ளைகள். திண்ணையின் ஓரத்தில் அவர்களையும் இருத்தி, அடுத்த ஆறு நாளும் தம்பிக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை அவர்களுக்கே முதலிற் படிப்பித்தேன். இது என் கண்டுபிடிப்பன்று. நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மூத்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது. 1790களிற் சென்னையில் அநாதைச் சிறுவர் பாடசாலையொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிகளிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும் முறையைக் கண்டு கைக்கொண்டார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வகுத்தார். அது இங்கிலாந்துக்குச் சென்று "மதராஸ் முறை" என்று பெயர்பெற்றது. நம்மிடத்திலிருந்து போனதை நாமே மறந்துவிட்டு, நெருக்கடி வந்தபோது திரும்பவும் தேடிப்பிடித்தோம்.

அது ஐந்து கிழமைகள்தாம் நடந்தது. ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்ததை நான் விபரிக்கப் போவதில்லை. அந்தக் கிழமை திருத்துவதற்கென்று வாங்கி வைத்திருந்த 31 கொப்பிகளும் என் சைக்கிளின் பின்னே கட்டியிருந்தன. சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பாடசாலையின் விறாந்தையில் இருந்து அவற்றைத் திருத்தி முடித்தேன். தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் தேடித்திரிந்ததில் ஒன்பது பிள்ளைகளுக்குக் கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. மற்றவர்களுட் பலர் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எஞ்சிய 22 கொப்பிகளையும் 1996 இல் ஊர் திரும்பும்போது கொண்டுவந்து பாடசாலை அலுமாரியில் வைத்தேன். அதன்பின் அவை என்னவாயின என்று எனக்குத் தெரியாது.

ஏழாம் தளத்துத் தாய்

இனி ரொறன்ரோவுக்கு வருவோம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட ஒன்ராறியோப் பாடசாலைகள் அந்தக் கல்வியாண்டில் மீண்டும் திறக்கவில்லை. மாகாண அரசு ஆறாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஐந்து மணி நேர வேலை என்று நிர்ணயித்தது. ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை பல்லாயிரக்கணக்கான கருவிகளை வீடுகளுக்கு விநியோகித்தது. இவ்வளவு பெரிய நகரத்தில் அதனைச் செய்தது சிறிய காரியமன்று, நன்றியோடு நினைக்கவேண்டியது. ஓகஸ்ற் மாதத்திற் புதிய விதி வந்தது: பாடசாலை வீட்டுக் கல்விக்கு மாறினால், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 225 நிமிடம் திரைவழியே நேரடிக் கற்பித்தல் நடைபெறவேண்டும். ஐந்து மணி நேரத்திலிருந்து ஒரே தாவலில் கிழமைக்கு ஏறத்தாழ பத்தொன்பது மணி நேரம்! 2021 தை மாதத்திலும், பின்னர் சித்திரை முதல் ஆனி வரையிலும் பாடசாலைகள் திரும்பவும் மூடப்பட்டன. 2021 மே நடுப்பகுதி வரையான கணக்கின்படி மொத்தம் இருபது வாரங்கள். கனடாவின் வேறெந்த மாகாணத்திலும் இவ்வளவு நீண்டகாலம் மூடப்படவில்லை.

கருவி வந்தது, பாடம் வந்தது, நேரசூசி வந்தது. பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் வரவில்லை என்பதே என்னுடைய குறை. 225 நிமிடமும் ஏழு வயதுப் பிள்ளை தானே இருந்து படிக்குமென்று நம்பியவர்கள் ஏழு வயதுப் பிள்ளையைக் கண்டதில்லைப் போலும். எத்தனையோ வீடுகளில் அம்மா உணவு பொதிசெய்யும் தொழிற்சாலைக்கு, அப்பா உணவகத்துச் சமையலறைக்கு. பிள்ளையின் பக்கத்தில் அம்மம்மா. ஆசிரியை திரையில் "ஒலியைத் திறவுங்கள்" என்று ஆங்கிலத்திற் சொன்னால், அது தன்னைத் திட்டுவதாக அம்மம்மா நினைத்தாள். அறிவித்தல்கள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு வந்தன, உண்மைதான். அறிவித்தல் வேறு, கற்பித்தல் வேறு. இரவிலே பெரியவர்களை மேசைக்கு அழைத்த அந்தப் புகையிரதப் பெட்டிக்கு ஈடான ஒன்றை நான் அந்த ஆண்டிற் காணவில்லை.

நான் முதலிற் குறிப்பிட்ட தாயின் கதையையும் சொல்லவேண்டும். அவருடைய மகனின் ஆசிரியை இளம் வயதினர், தமிழ் தெரியாதவர். மே மாதம் அவராகவே வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார். மூவர் ஒரே அழைப்பில் இணைந்து, நான் நடுவில் மொழிபெயர்த்தேன். பிள்ளையைப்பற்றி ஐந்து நிமிடம், தாய் செய்யவேண்டியதைப்பற்றிப் பதினைந்து நிமிடம். தமிழில் வாசித்துக் காட்டினாலும் வாசிப்புத்தான் என்றும், பிள்ளை படித்ததை அம்மாவுக்குத் தமிழிற் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள் என்றும் அவர் சொன்னபோது, மறுமுனையிற் சற்றுநேரம் சத்தமேயில்லை. "அப்ப நான் செய்யிறது பிழையில்லையோ ரீச்சர்?" என்று பின்பு அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது. தனக்கு ஆங்கிலம் தெரியாதபடியால் மகனைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து, அதுவரையில் அவர் பாடநேரத்திற் பக்கத்தில் இருப்பதையே தவிர்த்திருக்கிறார். செப்ரெம்பரில் வகுப்பு மாறியது, ஆசிரியை மாறினார், வெள்ளிக்கிழமை அழைப்பும் நின்றது. புதிய ஆசிரியரிடம் குறை சொல்வதற்கில்லை. அவர் தலையில் இருந்த சுமை வேறு.

இதே காலத்தில் இலங்கையிற் பதுளைப் பக்கத்துக் கிராமமொன்றின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் தொலைபேசிச் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறினார்கள். தமிழ்நாட்டிலோ, தொலைக்காட்சிப் பாடங்களாற் பிள்ளைகள் அடைந்த நட்டத்தை ஈடுசெய்ய முடியவில்லை என்று கண்டு, 2021 ஒக்ரோபரில் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டத்தைத் தொடக்கினர். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாலை வேளைகளில் அவர்களுடைய குடியிருப்பிலேயே, உள்ளூர்த் தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள்; தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சத்தை எட்டியது. அதன் குறைநிறைகளைப்பற்றி அங்கேயே பலவித கருத்துகள் உண்டு. ஆனால் கருவிக்குப் பின் ஒரு மனிதரை அனுப்பவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்துகொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பிரெட் ஸ்லோமனின் பெட்டி இன்றும் இருக்கிறது. கைவிடப்பட்டுக் கிடந்த அதனை 1982 இல் மிசிசாகாவிற் கண்டெடுத்து, அவருடைய ஊராகிய கிளின்ரனுக்குக் கொண்டுசென்று, செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடவேண்டும், கோடைகாலத்தில் திறந்திருக்கும். மேசைகளும் கரும்பலகையும் ஆசிரியர் குடும்பத்தின் சமையற்கட்டும் அங்கே காணலாம். அத்தனையும் இரவு வகுப்புக்கு வந்த இத்தாலியத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கக்கூடியதாக இருக்கின்றன.

நமது திண்ணை வகுப்புகளுக்கு அப்படியொரு பெட்டி இல்லை. 1990களில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிழக்கிலும் வீடுகளிலும் மரநிழலிலும் படிப்பித்த ஆசிரியர்கள் இந்நகரிற் பலர் இருக்கின்றனர். அன்று தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அக்காமார் இன்று இங்கே தாய்மாராக இருக்கின்றனர். எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பிள்ளைகள், எந்த நூலைக் கொண்டு படிப்பித்தீர்கள் என்ற விபரங்களை, நினைவிலிருக்கும் மட்டும் எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பிவையுங்கள். பழைய கொப்பி ஒன்றேனும் எவரிடமாவது இருக்குமாயின், அதனைப் பார்க்க நான் ஆவலாயிருக்கிறேன்.